குழந்தை வேண்டி, ஆணுறை வாங்க மேட்டூருக்கு

என் தங்கை மகள் அடுத்த வாரம் கோயம்புத்தூரில் குழந்தைப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போகிறாள். எல்லாப் பரிசோதனையும் சரி, ஆனால் உண்டாகவில்லை, காரணம் தெரியவில்லை என்கிறார்களாம். "பெரிம்மா, அந்தக் காலத்துல நீங்க எங்கெங்கே அலைஞ்சீங்க, எழுதுங்க" என்றாள். அவளைப் போலக் கிளம்புகிறவர்களுக்கும் ஆகட்டும் என்று, 1983 ஆவணியில் சங்ககிரியிலிருந்து மேட்டூர் போய்வந்த கதையை எழுதுகிறேன். கூச்சப்படுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அப்போது கல்யாணமாகி ஏழு வருடம். என் வீட்டுக்காரருக்குச் சங்ககிரி லாரிப்பேட்டையில் டயர் கடை. மாமியார் கெடு வைத்துவிட்டார். தை மாதத்துக்குள் ஒன்றும் இல்லையென்றால் நாமகிரிப்பேட்டையில் மகனுக்கு வேறு பெண்.

ஆடிக் கடைசியில் சேலத்து டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். கருப்பை சரி, குழாய் சரி, இவருடைய விந்தும் சரி. மெட்ராசுக்கு அனுப்பிய என் ரத்தத்தில்தான் விஷயம் இருந்தது. கிருமிகளை எதிர்க்க உடம்பில் இருக்கும் சக்தி, என்னிடத்தில் இவருடைய உயிரணுவையும் அந்நியன் என்று நினைத்து அசையவிடாமல் நிறுத்துகிறதாம். "பேப்பரெல்லாம் சரியா இருந்தும் செக்போஸ்ட்ல லாரிய நிறுத்தறாங்கல்ல? அப்படித்தாங்க" என்றார். இவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எனக்கோ, என் உடம்பே எனக்கு எதிராளியா என்று பற்றிக்கொண்டு வந்தது.

வைத்தியம்தான் வேடிக்கை. ஆறு மாதம் ஆணுறை. உயிரணு உள்ளே வராமலே இருந்தால் எதிர்ப்பு அடங்கலாம், அப்புறம் முயற்சி செய்யுங்கள், உறுதி சொல்ல முடியாது என்றார். நான் விரல்விட்டு எண்ணினேன். ஆவணியிலிருந்து ஆறு மாதம் என்றால் தை முடிந்துவிடும். எனக்கு மிச்சமிருந்த மாதங்களெல்லாம் குழந்தை உண்டாகாமல் பார்த்துக்கொள்ளவா?

சங்ககிரியில் வாங்க முடியாது. ஏழு வருடமாகப் பிள்ளை இல்லாதவர் ஆணுறை கேட்டால் சாயங்காலத்துக்குள் லாரிப்பேட்டையே சிரிக்கும். சேலத்தில் மருந்துக்கடைக்குள் போனவர், தன் கடையில் டயர் வாங்கும் ஆள் ஒருவரைப் பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரையோடு திரும்பினார். மேட்டூரில் எங்களுக்கு ஒரு ஈ காக்காயைத் தெரியாது. அங்கே அணையோரத்து முனியப்பன் கோயிலுக்கு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காலை ஆறே முக்காலுக்கு எடப்பாடி பஸ் பிடித்தோம். எடப்பாடியில் இட்லி, அங்கிருந்து மேட்டூர் பஸ். மொத்தம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஆளுக்கு மூன்று ரூபாய் அறுபது பைசா. ஒன்பதரைக்கு இறங்கி, அணையை அப்புறம் பார்க்கலாம் என்று நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

குடும்ப நலப் பிரிவில் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம். நர்சம்மா பதிவேட்டைத் திறந்தார்.

"எத்தனை குழந்தைங்க, அம்மிணி?"

இல்லை என்றால் அப்புறம் உறை எதற்கு என்பாரே என்று இவரைப் பார்த்தேன். ஒன்று என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இந்த மனுஷன் "மூணுங்க" என்றார்.

"மூணா! அப்புறம் உறை எதுக்குங்க? ஆபரேசன் பண்ணிக்குங்க. இன்னைக்கே பேரெழுதிக்கறேன்."

அடப்பாவி மனுஷா என்று மனதுக்குள் திட்டினேன். நர்சம்மாவுக்குச் சந்தேகம் வந்ததோ என்னவோ, "புள்ளைங்க பேரு சொல்லுங்க" என்றார்.

"பெரியவ பூங்கொடி, அஞ்சு வயசுங்க. அடுத்தவன் செந்திலு. கைக்குழந்தை மல்லிகாங்க." ஒரு நொடி தயங்கவில்லை. "சின்னதுக்குச் சீக்குங்க. அது தேறட்டும், ஆபரேசனுக்கு வாரோமுங்க."

நர்சம்மாவின் முகம் இளகிவிட்டது. பாக்கெட்டுகளைத் தாளில் சுற்றிக் கொடுத்து, "புள்ளைய நல்லாப் பாத்துக்குங்க சாமி" என்றார்.

அணைப் பூங்காவுக்குப் போய் உட்கார்ந்ததும் அடக்கமாட்டாமல் அழுதேன்.

"ஏனுங்க, அந்தப் பேரெல்லாம் எப்ப வெச்சீங்க?"

"கல்யாணமான வருசமே புள்ள. கடையில சும்மா உக்காந்திருக்கறப்ப நெனச்சுக்குவேன்."

எனக்குத் தாங்கவில்லை. பொட்டலத்தை வாய்க்காலில் வீச எழுந்தேன். "இதெல்லாம் வேண்டாமுங்க. தைக்குள்ள ஒண்ணு நின்னாலும் நின்னுரும்."

அவர் அதை என் கையிலிருந்து வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "டாக்டரம்மா ஆறு மாசம்னாங்க. ஆறு மாசம்தான். தைக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வா, மீன் திம்போம்."

அணை மீன் வறுவல் ஒரு தட்டு இரண்டு ரூபாய். அவ்வளவு அழுத நான் இரண்டு தட்டு தின்றேன். மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம்.

தை வந்தது. மாமியார் அந்த நாமகிரிப்பேட்டைப் பெண்ணின் ஜாதகத்தோடு வந்து உட்கார்ந்தார். இவர் குரலை உயர்த்தவேயில்லை. "பாருங்கம்மா. எனக்கு ஒரு பொண்ணு பாத்தா, இவளுக்கும் ஒரு மாப்பிள்ளை பாத்துருங்க. ரெண்டு கல்யாணத்தையும் ஒரே பந்தல்ல முடிச்சுக்கலாம்" என்றார். மாமியார் ஜாதகத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஆறு மாதம் முடித்து முயன்றும் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்த வைத்தியத்தை இப்போது பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்களாம். இருக்கட்டும். அன்றைக்குத் தெரிந்ததை டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார், யார் மேலும் பழி போடவில்லை. அந்த மட்டில் எனக்கு அவர் மேல் மரியாதைதான்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய ரிப்போர்ட்டையெல்லாம் ஒரே பையில் வையுங்கள். காரணம் தெரியவில்லை என்றால், எதையெல்லாம் பார்த்தாயிற்று, எது பாக்கி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருவரும் சேர்ந்தே போங்கள். எத்தனை குழந்தை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எங்களுக்கு அது வாயில் வர இருபது வருடம் பிடித்தது. இப்போது யார் கேட்டாலும் இருவரும் சேர்ந்தாற்போல் சொல்லிவிடுகிறோம்: "இல்லைங்க, நாங்க ரெண்டு பேருதானுங்க."