தூர தேசத்து ஏலக்காய்க்காரி

கம்பம் ஊரில் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் நிற்கும் இடத்தில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. எப்போதும் மற்ற பெண்களை ஏற்றிவிட்டுத்தான் தான் ஏறுவார். அன்று யாரையும் ஏறவிடவில்லை. குவாத்தமாலா நாட்டு ஏலக்காய் மலிவாக வருகிறதென்று தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்திருந்தார்கள்.

பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் கேட்டார்.

"அந்த ஊரு எங்கன இருக்கு தம்பி?"

"கடலுக்கு அங்கிட்டுக்கா. ரொம்பத் தூரம்."

"அங்கன காய் எடுக்கிறவளுக்கு என்ன கூலி குடுக்குறாக?"

"நம்மளவிடக் கம்மியாத்தான் இருக்கும்."

"பாவம். அவ மேல எனக்குக் கோவமில்ல. அவளும் இப்பிடி நின்னுட்டா, ரெண்டு பேரு கூலியையும் கொறைக்க முடியாதுல்ல?"

வெயில் ஏறியும் ஜீப்புகள் காலியாகவே நிற்க, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கங்காணி இறங்கிவந்து, பழைய கூலிக்கே ஒப்புக்கொண்டார். ஜீப் கிளம்பும்போது அக்கா கத்தினார்.

"அந்த ஊருக்காரி யாரையாச்சும் பாத்தா, நாங்க செயிச்சதச் சொல்லு தம்பி!"

இன்னும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் கட்டாயம் சொல்வேன்.