கிளி போயி

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த சுடலைமணிக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு ஓட்டலில் தோட்ட வேலை. பழைய மிளகுக் கிட்டங்கியை வாங்கி, பின்சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடி மாட்டிய ஓட்டல் அது. பின்னால் ஒரு மாமரம். ஐப்பசி பிறந்தால் அந்த மரத்தடிக்கு ஒரு ஆறுமணிக்குருவி வரும்.

இமயமலை அடிவாரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவெல்லாம் பறந்து, நட்சத்திரத்தைப் பார்த்தோ எதைப் பார்த்தோ வழி தப்பாமல் இங்கே வந்து இறங்கும். பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு. விடியும்போதும் இருட்டும்போதும் சீட்டி அடிக்கும். இது என் இடம், வேறு யாரும் வராதே என்று அதற்கு அர்த்தம். புழு பொறுக்க வசதியாக இருக்கட்டும் என்று மரத்தடிச் சருகை மட்டும் சுடலைமணி பெருக்கமாட்டான்.

"நான் வந்தா சாயா குடிச்சியான்னு கேக்க ஆளில்ல. அதுக்கு மட்டும் விருந்து" என்பாள் அங்கேயே பாத்திரம் துலக்கும் அவன் மனைவி பொன்மணி.

பிழைக்க வந்தவனுக்கும் வலசை வந்த பறவைக்கும் முடிச்சுப் போட்டு யாரும் உருக வேண்டாம். அவன் தென்காசி பஸ்ஸில் வந்தவன். அவனுக்கு அந்தக் குருவியைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஓட்டல் முதலாளி நிகிலுக்கும் பிடித்திருந்தது, வேறு மாதிரி. விருந்தாளிகள் சாயா குடிக்கும் நேரத்தில் குருவி வரவேண்டும். அதனால் அதே இனக் குருவி ஒன்றின் சீட்டியை எங்கிருந்தோ எடுத்து, கூரையடியில் ஒலிபெருக்கி வைத்து, எங்கே இருந்தாலும் தன் போனிலிருந்தே பாடவிட்டான். தன் இடத்தில் வேறொருவன் பாடுவதைக் கேட்டுக் குருவி பாய்ந்து வந்தது. கண்ணாடியில் அந்த இன்னொருவன் தெரிந்தான். முட்டியது. விருந்தாளிகள் படம் எடுத்தார்கள்.

மூக்கோரம் ரத்தம் கண்டதும் சுடலைமணி கண்ணாடி மேல் போர்வையைத் தொங்கவிட்டான். காட்சி மறைகிறது என்று மேனேஜர் உருவிப் போட்டார். வயரை அறுக்கப் போனவன் கையைப் பொன்மணி பிடித்துக்கொண்டாள். "அறுத்தா வேல போயிரும். பெறகு சோத்துக்கு எங்க போவ?"

நகரத்துக்குள் கலூரில் இருந்த நிகிலுக்குப் போன் போட்டான். மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளிதான். சுடலைமணியும் அப்படியே சொல்லிப் பழகியவன். குருவி செத்துப்போகும் என்றுதான் சொல்ல நினைத்தான்.

"சாரே, கிளி போயி சாரே. அந்தப் பாட்ட ஒண்ணு நிறுத்தணும்."

'கிளி போயி' என்றால் புத்தி கலங்கிப்போச்சு என்று இங்கத்து இளவட்டப் பேச்சு. நிகில் விழுந்து விழுந்து சிரித்தான். "பாட்டு கேட்டு நின்றெ கிளி போயோ சுடலே? கொள்ளாம்." பாட்டு கேட்டு உனக்கே புத்தி கலங்கிப்போச்சா, நல்லாயிருக்கு என்று கேலி பண்ணிப் போனை வைத்துவிட்டான்.

பாட்டு நிற்கவில்லை. இருட்டும்முன் குருவி கண்ணாடிக்கடியில் கிடந்தது.

மறுநாள் உள்ளங்கையில் கொண்டுபோய்க் காட்டினான். நிகில் "கஷ்டமாயி" என்றான். வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த வாக்கியமே, "சாரமில்ல, பரவால்ல, அடுத்த சீசன்ல வேற வரும்." முந்தின நாள் போன் கதையையும் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து சுடலைமணிக்கு ஓட்டலில் 'கிளி போன சுடலை' என்று பெயர்.

அடுத்த ஐப்பசியில் நிகில் சொன்னபடியே வேறொன்று வந்தது. சருகில் அது தத்துவதைப் பார்த்தபோது சுடலைமணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்போது கூரையடியில் பாட்டு தொடங்கியது. குருவி தலையைத் தூக்கியது.

அவன் ஓட்டுச் சில்லைப் பொறுக்கி எறிந்தான். மேலே படாமல், பக்கத்தில் விழும்படி. அது கிளைக்குத் தாவியது. மறுபடி எறிந்தான். "போயிரு, சவமே, இங்க வராத" என்று கத்திக்கொண்டே எறிந்தான். அழுதுகொண்டும்தான். குருவி மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து ஒரு விருந்தாளி அதைப் படம் பிடித்திருந்தாள். வேலை போய்விடுமே என்று வயரை அறுக்காதவனுக்கு அன்று மத்தியானமே வேலை போனது.

அந்த வீடியோ இன்னும் ஓடுகிறது. சுடலைமணியைப் பிடித்து உள்ளே போடவேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அவன் கத்துவதற்கு மேலாக ஒலிபெருக்கியின் சீட்டி விடாமல் கேட்கிறது. பாவம், எவ்வளவு அழகாகப் பாடுகிற குருவி என்றும் எழுதியிருக்கிறார்கள்.