நாலு மூலையிலும் மஞ்சள்

காணி வாங்கி விற்கிற தொழிலுக்கு வாய் ஒன்றே போதும் என்று நான் நம்பியிருந்த காலத்தில்தான் அந்தப் பென்சன்காரர் எங்கள் ஊரான கரம்பொன்னுக்கு வந்து சேர்ந்தார். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனை. அதிகம் கதைக்கமாட்டார். சந்தித் தேநீர்க்கடைக்காரர் அவரைப் பற்றி, "சிரிப்பைக்கூடச் சில்லறையாய் மாத்தித்தான் தருவார்" என்று சொல்வார். அந்தச் சொல்லுக்காகவே நான் இன்னொரு தேநீர் குடித்த நாட்கள் உண்டு.

என் முறை வேறு. தீவுப்பகுதி ஆட்களில் பாதிப்பேர் அப்போதே கொழும்பிலும் அனுராதபுரத்திலும் மலாயாவிலும் இருந்தார்கள். அவர்களுடைய வீடும் காணியுமான வளவுகள் பற்றை மூடிக் கிடந்தன. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாரந்தனை, அல்லைப்பிட்டி என்று போவேன். செத்தவீட்டில், கலியாணவீட்டில், கோயில் வீதியில் நின்று கதைப்பேன். ஊருக்கு வந்து நிற்கிறவரைக் கண்டால், அவருடைய தகப்பனின் வயிற்றுவலியில் தொடங்கி மெல்ல மெல்ல வளவுக்கு வருவேன். வாங்கிய காணியில் பற்றை வெட்டி, வேலி அடைத்து, மகளின் சீதனத்துக்கு நிலம் தேடுகிற யாருக்காவது விற்பேன். ஒரு காணி கைக்கு வருவதற்கு ஒரு வருசம் கதைக்க வேண்டியிருக்கும். அது எனக்குக் களைப்பாகவே தெரியவில்லை.

பென்சன்காரரோ வீட்டுக் கதிரையில் இருந்தபடியே காணி வாங்கினார். கடிதம் போட்டாராம். கேள்விப்பட்ட அன்று எல்லாரும் சிரித்தோம். "தூண்டில் போட்டு மாடு பிடிக்கிற கதை" என்றார் தேநீர்க்கடைக்காரர். அந்த மாரி முடிவதற்குள், நான் கண் வைத்திருந்த வளவுகள் ஒவ்வொன்றாக அவர் பெயருக்குக் காணி உறுதி எழுதப்பட்டன. உறுதி எழுதுகிற நொத்தாரிசு என்னைத் தெருவில் கண்டால் முகம் மறையக் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கினார்.

விலாசங்கள் அவருக்கு எங்கே கிடைத்தன என்பதுதான் என் வயிற்றெரிச்சலின் முதற்பகுதி. வெளியூரில் இருக்கிற உபயகாரருக்குக் கோயில் திருவிழா அறிவித்தல் போகும். எழுத்து வடிவாக இருக்கிறது என்று, உறைகளில் விலாசம் எழுதும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். கோயிலுக்கு எழுதியவர் தனக்கும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டார். கள்ளத்தனம் என்று சொல்ல ஏலாது. எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் எரிந்தது.

மறுபகுதியை, திருவிழாவுக்கு வந்த ஒரு கொழும்புக் கடைக்காரர் காட்டினார். பென்சன்காரரின் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். உறையின் நாலு மூலையிலும் மஞ்சள்.

"மஞ்சளைக் கண்டோடனை ஆரின்ரையோ கலியாணக் கடிதமெண்டு மனுசி அடுப்பிலை இருந்ததையும் விட்டிட்டு ஓடிவந்து உடைச்சவ" என்றார்.

உள்ளே இரண்டே வரிகள். தங்கள் வளவை வாங்க விருப்பம். விற்கும் எண்ணம் எப்போது வந்தாலும் எழுதவும். அவ்வளவுதான். பொங்கலுக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என்று வருசா வருசம் அதே கடிதம் போகும். அங்கே கடை நட்டப்படுகிறதோ, பெண்ணுக்குக் கலியாணம் பேசுகிறார்களோ, காசு தேவைப்படுகிற அன்று மேசை இழுப்பறையில் பென்சன்காரரின் விலாசம் ஆயத்தமாகக் கிடக்கும்.

மஞ்சள் எங்கள் குசினியிலும் இருந்தது. அதை நினைத்து நினைத்து நான் பல நாள் சோறு சரியாகத் தின்னவில்லை.

இது வெறும் வயிற்றெரிச்சலாகவே இருந்திருக்கும், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவிலும் அவர் கை வைக்காமல் விட்டிருந்தால். எங்கள் கிணறு உவர். குளிக்கலாம், வாயில் வைக்க ஏலாது. பக்கத்து வளவில் நல்ல தண்ணீர்க் கிணறு. சொந்தக்காரர் அனுராதபுரத்தில் கடை வைத்திருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. வேலியில் ஒரு ஆள் நுழையக்கூடிய பொட்டு ஒன்று வைத்து, என் மனைவி அதனூடாகப் போய்க் குடிதண்ணீர் அள்ளிவருவாள். அந்த வளவை என்றைக்காவது வாங்குவேன் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொந்தக்காரர் ஊருக்கு வரட்டும், முகத்தைப் பார்த்துக் கதைக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் வரவே இல்லை.

ஒரு நாள் பென்சன்காரர் வந்து வேலியோரம் நின்றார். பொட்டைக் குனிந்து பார்த்தார்.

"அனுராதபுரத்துக் கடைக்காரர் சம்மதிச்சு எழுதியிருக்கிறார். உறுதி முடிஞ்சோடனை இதை அடைக்கவேணும். விட்டா, பிறகு வழி எண்டு வழக்குக்கு வரும்" என்றார்.

என் மனைவி குடத்தோடு நின்றாள். அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "ஊரெல்லாம் கதைச்சியள். அந்தக் கடைக்காரரோடை கதைக்க உங்களுக்கு நேரம் வரேல்லை" என்றாள்.

அன்றைக்கே கோயிலில் விலாசம் வாங்கி, அந்தக் கடைக்காரருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. வாசிக்கவும் எழுதவும் கடைப் பேப்பரிலும் காணிப் பதிவுத் தோம்புகளிலும் பழகியவன். ஆனால் இரண்டு வரியில் எழுதுகிறவருக்கு முன்னால் நான் தோற்கக்கூடாது என்று இருந்தது. நேரில் கதைப்பதுபோலவே எழுதினேன். அவருடைய தாயார் செய்த பனம்பழப் பினாட்டின் ருசியில் தொடங்கினேன். கோடையில் ஊர்க்கிணறெல்லாம் அடியில் போனாலும் உங்கள் கிணறு வற்றவில்லை என்று எழுதினேன். கறுத்தக்கொழும்பான் மாமரம் கிளை முறிகிற அளவுக்குக் காய்த்திருக்கிறது, வேலிக்கு இங்கால் விழுகிறதை நாங்கள் பொறுக்குகிறோம், தின்னத் தின்ன உங்களைத்தான் நினைக்கிறோம் என்றும் எழுதினேன். மேற்குப் பக்கத்துப் பனைகளையும் விடவில்லை. கடைசியில்தான், அந்நியருக்குப் போகாமல் அயலவனான எனக்கே வளவைத் தரவேண்டும் என்று கேட்டேன்.

உறைக்கு மஞ்சளும் பூசினேன். கை கொஞ்சம் கூடிவிட்டது. மனைவி எட்டிப் பார்த்து, "இது கடிதமோ, மீன்கறியோ?" என்று கேட்டாள்.

பதில் வந்தது. கடைக்காரர் எழுதவில்லை, அவருடைய மனைவி எழுதியிருந்தார். பக்கத்து வளவு அந்த அம்மாவின் சீதனக் காணி. கிணறு தூர்ந்து, மரமெல்லாம் பட்டு, வெறும் கல்லுப்பூமியாகக் கிடக்கிறது என்று நினைத்துத்தான் விற்கச் சம்மதித்தாராம். என் கடிதத்தை வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும்போது வாசித்தார்களாம். இத்தனை மாங்காய் காய்க்கிற காணியை விற்க எனக்கென்ன விசரா என்று முடித்திருந்தார். பென்சன்காரருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அவரைத் தோற்கடித்துவிட்ட சந்தோசம் எனக்கு ஒரு கிழமைகூட நிற்கவில்லை. அந்த அம்மா நேரிலேயே வந்து இறங்கினார். மாமரத்தைச் சுற்றி வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். கூலிக்கு ஆள் பிடித்துப் பொட்டை அடைப்பித்து, தெருப் படலைக்கு ஒரு ஆமைப்பூட்டுப் போட்டார்.

"அண்ணை, தண்ணி அள்ளுங்கோ. தண்ணிக்கு ஆர் மறிப்பு?" என்றார். "ஆனா மாங்காய் பொறுக்கித் தின்னுற கதையை நீங்களே எழுதியிருக்கிறியள். அதாலை பூட்டின்ரை திறப்பைப் பென்சன்காரரிட்டைக் குடுத்திட்டுப் போறன். அவர் அளந்து கதைக்கிற மனுசன்."

திறப்பு பென்சன்காரரின் கைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் வந்து படலையைத் திறப்பார். மனைவி தண்ணீர் அள்ளி முடியும்வரை எங்கள் வீட்டில் இருப்பார். மனைவி அவருக்குத் தேநீர் கொடுப்பாள். பேணியில் பாதிதான் குடிப்பார். போன பிறகு, என்ன ஒரு ஒழுங்கான மனுசன் என்பாள். அந்த மிச்சப் பாதியை நான் வேலியோரம் ஊற்றிக்கொண்டே, அவர் அன்றைக்கு எந்த வளவுக்கு எழுதியிருப்பார் என்று யோசிப்பேன். தேநீர்க்கடைக்காரர் வேறு, "உம்மடை கிணத்துக்கு இப்ப கந்தோர் நேரமாம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். நல்ல சொல்தான். அன்றைக்கு அதை ரசிக்க முடியவில்லை.

ஒரு நாள் அவர் வரவில்லை. வெயில் ஏறியும் காணவில்லை. வீட்டில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திறப்பைக் கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல். போர்த்துக்கொண்டு, அந்த நிலையிலும் மேசையில் உறைகளை அடுக்கி மூலைகளில் மஞ்சள் தொட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒரு குவியல் கடிதம். பழைய மஞ்சள் வெளிறிப்போயிருந்தது. எல்லாம் ஆள் இல்லை என்று தபாற்கந்தோர் திருப்பி அனுப்பியவை.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கண்டுவிட்டார்.

"திரும்பி வாறது பரவாயில்லை. ஒரு சொல்லும் எழுதாமல் விடுறவைதான் கனபேர்" என்றார். "நீர் ஒரேயொரு கடிதம் போட்டனீர். அதுக்கு ஆளே வந்து இறங்கினது. அப்பிடி என்னத்தை எழுதினனீர் எண்டு நானும் யோசிச்சுப் பார்த்தனான்."

அவருடைய குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. வருசக்கணக்காக என் வயிற்றில் வைத்திருந்த அதே சாமான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது. அந்தப் பெருமைக்கு நடுவிலும் என் கண் மேசையில்தான் இருந்தது. மேலே கிடந்த உறையில் நாரந்தனைக்காரர் ஒருவரின் மலாயா விலாசம். அந்த வளவுக்காக நான் அவருடைய ஆட்களோடு ஒரு வருசமாகக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையணைக்குக் கீழிருந்து திறப்பை எடுத்து நீட்டினார்.

"இனி நீரே வைச்சிரும். எனக்கு ஒவ்வொரு நாளும் வந்து போக ஏலாது. ஆனா ஒண்டு. இதைப் பற்றி அனுராதபுரத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதிப் போடாதையும்."

ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து திறப்பை மனைவியிடம் கொடுத்தேன். அவள் உள்ளங்கையைப் பார்த்து, இதென்ன திறப்பிலும் மஞ்சள் என்று கேட்டாள். கழுவிவிட்டு எடு என்றேன். உவர்த் தண்ணீரில் கழுவினால் துருப்பிடிக்கும், கழுவுவதற்கும் நல்ல தண்ணீர் அங்கேதான் என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படலைக்குப் போனாள்.