வாடைக்குக் காத்திருந்த பயணம்

நாகமுத்துவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று இறுப்பிட்டியில் யாரும் சொன்னதில்லை. பயணம் கொண்டுபோகத் தெரியும் என்றுதான் சொன்னார்கள். கார் ஓட்டுகிறவர்கள் ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஏறினவரை ஏறின மாதிரியே, கசங்காமல் கலங்காமல் இறக்கிவிடுகிறவர் அவர் ஒருவர்தான்.

பிறந்தது அனலைதீவில். இருபது வருடம் ஊர்காவற்றுறையிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் பாய்க்கப்பல்களில் இருந்தார். கடைசி ஐந்து வருடம் சுக்கானே அவர் கையில். பக்கத்துத் தீவிலுள்ள இறுப்பிட்டியில் கலியாணம் கட்டியபின், மனைவி ஒற்றைக்காலில் நின்றதால் கடலை விட்டு லைசன்ஸ் எடுத்தார். தரைக்கு வந்தாரே தவிர, காலையில் எழும்பினதும் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. இங்கே சொல்லப்போகும் வினை முழுவதும் அந்தப் பழக்கத்தால் வந்ததுதான்.

அவருடைய முதலாளி அரியநாயகம் மாத்தளையில் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு தோட்டத்துரை சீமைக்குத் திரும்பும்போது விற்ற காரை அவர் வாங்கினார். சிவப்புக் கார். இரண்டே இரண்டு ஆசனம். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு சீலை, அவ்வளவுதான். அதை முதன்முதல் தீவுக்குக் கொண்டுவந்த அன்று ஊர் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. "முதலாளிக்குக் காசு போதாமல் போச்சு, அரைவாசிக் கார்தான் வாங்கியிருக்கிறார்" என்றார்கள்.

அவர் வாங்கினது பகட்டுக்கு இல்லை. ஊரோடு இருந்த அவருடைய மனைவி அன்னபூரணத்துக்குத் தொய்வு, மூச்சிழுப்பு நோய். மூடின காரில் பத்து மைல் போவதற்குள் பெற்றோல் மணத்தில் நெஞ்சு இழுக்கத் தொடங்கிவிடும். ரயிலில் ஒருமுறை சனநெரிசலில் மூச்சுத் திணறி, பாதி வழியில் இறக்கி ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்தத் திறந்த காரில் மட்டும் அந்த அம்மா சிரித்துக் கதைத்துக்கொண்டு போவார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கு இருந்த ஒரே வழி அந்த அரைவாசிக் கார்தான்.

ஒவ்வொரு ஆவணியிலும் அன்னபூரணத்தை மாத்தளைக்குக் கொண்டுபோய், புரட்டாசி முடிவில் காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியதும் திருப்பிக் கொண்டுவருவது நாகமுத்துவின் பொறுப்பு. நூற்றுத் தொண்ணூறு மைல். ஒரு கிழமைக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடும். அந்தக் காரில் எஞ்சின் சூடு முழுக்கக் காலடிக்குத்தான் வரும், அதற்கு நனைத்த சாக்கு. நாரி வலிக்காமல் இருக்க முதுகுக்குப் பின்னால் தலையணை, முழங்காலுக்குக் கீழே சுருட்டின துவாய். தெற்கே போகையில் காலை வெயில் அம்மா இருக்கும் இடப்பக்கம் விழும் என்பதால் நாலு மணிக்கே வெளிக்கிட்டு, வெயில் ஏற முன் வன்னிக் காட்டு நிழலுக்குள் போய்விட வேண்டும். இடியப்பம் இரண்டுக்கு மேல் சாப்பிட விடமாட்டார். எந்த மரத்தின் கீழே நிற்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருப்பார். வேகம் இருபத்தைந்து மைல். துரை அந்தக் காரை எழுபதில் ஓட்டினவராம் என்று யாரோ சொன்னபோது, "துரைக்குத் தொய்வில்லையே" என்றார்.

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. ஆவணியில் சோளகக்காற்று தெற்குப் பக்கத்திலிருந்து வந்து நேரே முகத்தில் அடிக்கும்.

"எதிர்க்காத்து அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கோ. வாடைக் காலத்திலை ஒருக்காப் போய்ப் பாருங்கோ. காத்துப் பின்னாலை நிண்டு தள்ளிவிடும். தொட்டிலிலை போற மாதிரி இருக்கும்" என்று ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கிறவர் போலச் சொல்வார். பாய்க்கப்பலில் உழைத்த எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

எழுபத்துநாலாம் ஆண்டு தை மாதம், பொங்கல் முடிந்து நாலாம் நாள் காலை தந்தி வந்தது. மாத்தளைக் கடையில் இருந்த அரியநாயகத்தின் தம்பி சிவபாதம் அடித்தது. அண்ணருக்கு மாரடைப்பு, ஆசுபத்திரியில் இருக்கிறார், உடனே வரவும்.

அன்னபூரணம் அழவில்லை. அழுதால் இழுப்பு வரும், இழுப்பு வந்தால் போக முடியாது. பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வெளிக்கிடுவம் அண்ணை."

நாகமுத்து வானத்தைப் பார்த்தார். பனைமரத்தைப் பார்த்தார். ஓர் ஓலையும் அசையவில்லை.

"இண்டைக்கு வேண்டாம் அம்மா. காத்து விழுந்துபோச்சு. இப்பிடி நாளிலை லொறி கிளப்பிற புழுதி கிளம்பின இடத்திலையே நிக்கும். நீங்கள் கிளிநொச்சி தாண்டமாட்டியள். நாளைக்கு விடிய வாடை எழும்பும். அதோடை போனால் சுகமாய்ப் போய்ச் சேரலாம்."

"நாளைக்கோ? அங்கை அவர் என்ன பாடோ!"

"நீங்கள் உயிரோடை போய்ச் சேரவேணும் அம்மா. காத்து விசயத்திலை நான் பிழை விட்டதில்லை."

அது ஊரறிந்த உண்மை. அதனால்தான் அன்னபூரணம் அடங்கினார். அன்று முழுவதும் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, பையை மடியில் வைத்தபடி இருந்தார். நாகமுத்து காரின் முன் ரயரைக் கழற்றிப் பார்த்தார். பக்கத்தில் வெடிப்பு. புது ரயர் காசு கொடுத்தாலும் கிடைக்காத காலம் அது. உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்துப் பூட்டினார். இருபத்தைந்து மைலுக்கு அது தாங்கும்.

அவர் சொன்னபடியே விடியற்புறம் வாடை எழும்பியது. பனையோலைகள் சலசலத்தபோது மனிதருக்கு முகத்தில் பெருமை; இப்போது நினைத்தால் அந்தப் பெருமையில் இரண்டு அறை விடலாம் போல இருக்கிறது. பண்ணைப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. ஆனையிறவு தாண்டும்வரை அம்மாவுக்கு ஒன்றுமில்லை. பரந்தனில் வீதி தெற்கே திரும்பியது.

"இனிப் பின்காத்து. கண்ணை மூடிக்கொண்டு படுங்கோ."

கிளிநொச்சி கழிந்ததும் முதல் இருமல் வந்தது. வீதி திருத்துவதற்காக அங்கங்கே கிரவல் கொட்டியிருந்தார்கள். குலுக்கம்தான் காரணம் என்று நாகமுத்து வேகத்தை இருபதுக்குக் குறைத்தார். இருமல் கூடியது. அன்னபூரணம் ஒரு குளிசையை விழுங்கி, மிச்சம் இருந்த ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்தார். மாங்குளம் தாண்டியதும் கடுமையாக மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

புழுதியை மறிக்கலாம் என்று காரை நிறுத்திக் கூரைச்சீலையை இழுத்து மூடினார். அரை மைல் போகவில்லை, அன்னபூரணம் இரண்டு கையாலும் அந்தச் சீலையைப் பிய்க்கத் தொடங்கினார். நாகமுத்து திரும்பிப் பார்த்தார். அம்மாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நாகமுத்து சீலையைக் கழற்றி எறிந்துவிட்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மெல்ல உருட்டினார். சுற்றிலும் காடு. முன்னாலும் பின்னாலும் ஒரு வாகனம் இல்லை.

அப்போதுதான் நாகமுத்து, அன்னபூரணம் தலையில் கட்டியிருந்த துண்டின் நுனியைக் கண்டார். வீதியோரத்து மரங்களைக் காற்று பிடித்து உலுப்புகிறது. காருக்குள் அந்த நுனி அசையாமல் தொங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காரின் பின்பக்கத்தால் நீலப்புகை ஏறி வந்து, அம்மாவின் மடியில் இறங்கி, அங்கேயே நின்றது.

கார் இருபதில் போகிறது. காற்றும் பின்னால் அதே இருபதில் வருகிறது. காருக்குள் காற்றே இல்லை. புகைக்குழாய் விட்ட புகையையும் சில்லுக் கிளப்பின புழுதியையும் வாடைதான் தள்ளிக்கொண்டு வந்து உள்ளே கொட்டுகிறது. இத்தனை ஆவணியும் அம்மாவைக் காப்பாற்றினது அந்த எதிர்க்காற்றுத்தான்.

நாகமுத்து ஸ்டியரிங்கை ஒடித்து, காரை வடக்கே முகம் பார்க்கத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். வாடை நேரே அன்னபூரணத்தின் முகத்தில் அடித்தது. கடைசிக் குளிசையைக் கொடுத்து, பிளாஸ்கில் இருந்த சுடுகோப்பியைப் பருக்கினார். கால் மணித்தியாலத்தில் உதட்டின் நீலம் குறைந்தது.

"பிழை விட்டிட்டன் அம்மா. பின்காத்துத்தான் உங்களைக் கொல்லப் பாத்தது. திரும்பிப் போவம். இப்பிடியே வடக்கை போனால் உங்களுக்கு ஒண்டும் செய்யாது."

அன்னபூரணம் ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துச் சொன்னார். "எனக்கு மூச்சு வரும். அவரிட்டை ஆர் போறது?"

நாகமுத்து இறங்கினார். வீதிக்கரையில் குந்திக்கொண்டு காரையே பார்த்தார். பின்காற்றில் ஓடுகிற பாய்க்கப்பல் அந்தக் காற்றை முந்தாது, தள்ளுகிறதே காற்றுத்தானே. அதனால் காற்றை முந்துவது என்ற நினைப்பே அவர் தலைக்குள் ஒருநாளும் எழுந்ததில்லை. ஆனால் இதற்குப் பாய் இல்லை. எஞ்சின் இருக்கிறது. துரை எழுபதில் ஓட்டின எஞ்சின்.

"அம்மா, காத்தை விடக் கெதியாய் ஓடினால் புகை பின்னாலை நிண்டுவிடும். ஆனால் முன் ரயர் தாங்குமோ தெரியாது. வெடிச்சுதெண்டால் ரெண்டு பேருக்கும் அதோடை சரி."

"ஓடுங்கோ."

தலையணையையும் துவாயையும் எடுத்து அன்னபூரணத்தின் இரண்டு பக்கமும் இறுக்கி அடைத்தார். காரைத் தெற்கே திருப்பி, எட்டு வருடமாகக் காலால் தடவிக்கொண்டிருந்த அக்சிலேட்டரை அடிமட்டத்துக்கு மிதித்தார். முப்பது. முப்பத்தைந்து. அன்னபூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நாற்பதில் துண்டின் நுனி அசைந்தது. ஐம்பதில் அது எழும்பிப் பின்னால் அடிக்கத் தொடங்கியது. முன்னாலிருந்து காற்று வந்தது. நாகமுத்து வேக முள்ளைப் பார்ப்பதை விட்டு அந்த நுனியைப் பார்த்தே ஓட்டினார். வீதிப் பள்ளங்களில் கார் துள்ளி விழுந்தபோதெல்லாம் முன் ரயரோடு அவர் உயிரும் போய் வந்தது.

வவுனியா கழிந்து ஓரிடத்தில் எருமைக் கூட்டமொன்று வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. நிறுத்தின கணமே புகை வந்து ஏறியது. ஹோணுக்கு எருமை அசையுமா? நாகமுத்து கதவைத் திறந்து பாய்ந்து, கத்திக் குழறிக் கையால் அடித்துக் கலைத்தார். திரும்பி ஓடி வந்தபோது அன்னபூரணம் மூச்சை அடக்கிக்கொண்டு விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தார். அவ்வளவு பதற்றத்திலும் அவரைப் பார்க்க நாகமுத்துவுக்குக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது. தம்புள்ளை தாண்டி மலைகள் காற்றை மறித்த பிறகுதான் காலைத் தளர்த்தினார். மாத்தளை ஆசுபத்திரி வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டரை.

அரியநாயகம் உயிரோடு இருந்தார். கண் திறந்திருந்தது. மனைவியைக் கண்டதும் வாய் திறக்கப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியதே தவிரச் சத்தம் வரவில்லை.

கட்டிலருகே நின்ற சிவபாதம் வெடித்தான். "நேற்று முழுக்க நல்லாக் கதைச்சவர் அண்ணி! கார் வந்திட்டுதோ, வந்திட்டுதோ எண்டு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காக் கேட்டவர். உங்களுக்கு என்னவோ சொல்லவேணும் எண்டவர். இண்டைக்கு விடியத்தான் பேச்சு நிண்டது. தந்தி நேற்றுக் காலமையே கிடைச்சதுதானே? ஏன் பிந்தினனீங்கள்?"

அன்னபூரணம் கணவனின் கையைப் பிடித்தபடி தடுமாறாமல் சொன்னார். "நேற்று எனக்கு இழுப்புத் தம்பி. எழும்ப ஏலாமல் கிடந்தனான்."

நாகமுத்துவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிக்காக அவர் தன்னையே வெறுத்தார். கட்டிலில் கிடந்தவரின் கண் மனைவியின் நெஞ்சுக்குப் போனதையும், அதில் தண்ணீர் முட்டினதையும் கண்டபின் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"இல்லை ஐயா. அம்மாவுக்கு நேற்று ஒண்டுமில்லை. தந்தி கண்ட உடனை வெளிக்கிட்டு நிண்டவ. வாடை வரட்டும், சுகமாய்ப் போகலாம் எண்டு நான்தான் மறிச்சனான். அந்த ஒரு நாள் என்னாலை போனது."

"ஏன் அண்ணை சொன்னனீங்கள்?" என்றார் அன்னபூரணம். குரலில் கோபமில்லை, களைப்புத்தான்.

சிவபாதம் கையை நீட்டினான். "கார்த் திறப்பைத் தாரும். இனி நீர் அந்தக் காரைத் தொடவேண்டாம்."

நாகமுத்து மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அன்னபூரணம் திரும்பிப் பார்க்கவில்லை. கணவனின் முகத்தைப் பார்த்தபடியே, இன்னும் விசில் ஊதிக்கொண்டிருந்த நெஞ்சோடு சொன்னார். "அண்ணையிட்டையே குடுங்கோ தம்பி. இனி என்னைக் கொண்டுபோக வேறை ஆர் இருக்கினம்?"

அது கட்டிலில் கிடந்தவருக்கும் கேட்டது. சிவபாதம் திறப்பைத் திருப்பிக் கொடுத்தான். நாகமுத்து அதைக் கையில் பொத்திக்கொண்டு, கட்டிலின் காலடியில் நின்று விம்மி விம்மி அழுதார்.