மஸீனாமேல் விழுந்த பியூஸ் பழி

வவுனியாப் பட்டினத்தில் ஜவாஹிர் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். பெட்டிகளைத் துடைத்து வயர்களைச் சுற்றி வைப்பதும், பழுதுபார்க்கும்போது பக்கத்திலிருந்து விளக்குப் பிடிப்பதும் அவன் மனைவி மஸீனாவின் வேலை. பிடித்த விளக்கோடு அவள் கண்ணையும் திறந்துதான் வைத்திருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

அறுபத்தோராம் ஆண்டு, அயல்வீட்டு வீரகத்தியின் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டுகிற நேரம் பார்த்து ஒலியைப் பெருக்கும் அம்பிளிபயர் பெட்டி ஊமையாகிவிட்டது. பியூஸ் போயிருந்தது. புதிது போட்டான், அதுவும் பட்டென்று எரிந்தது. சனம் திரும்பிப் பார்க்க, ஜவாஹிருக்கு அவமானம் தாங்கவில்லை.

"ஈரச்சீலையால துடைச்சிருப்பாய்! எத்தினை தரம் சொன்னனான்!" பந்தல் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

பெண்களோடு நின்ற மஸீனாவுக்கு முகம் பற்றியெரிந்தது. ஒரு நாளும் அவள் ஈரத்துணியைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனதில்லை. நேரே வீட்டுக்கு வந்தாள்.

பின்னாலேயே பெட்டியைத் தூக்கி வந்த அவன், பியூஸ் இருந்த இடத்தில் தடித்த செப்புக்கம்பியைச் சுற்றப் பார்த்தான். அவள் கம்பியைப் பறித்தாள்.

"அந்தப் பியூஸ் தான் எரிஞ்சு பெட்டியைக் காப்பாத்துது. கம்பியைப் போட்டா முழுக்கப் பொசுங்கிப் போகும். நான் நனைச்சனா இல்லையா எண்டு இப்பவே பாருங்க!"

மின்சாரத்தை மாற்றித் தரும் கண்ணாடிக் குழாயான வால்வை முதலில் கழற்றச் சொன்னாள். புதுப் பியூஸ் போட்டார்கள், எரியவில்லை. அப்படியென்றால் பழுது அந்த வால்விலோ அதற்கப்பாலோ இருந்தது. வால்வைத் திரும்பப் பொருத்தி, அடுத்திருந்த, மின்னோட்டத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்சரின் வயரை மட்டும் விடுவித்தார்கள். ஒலிபெருக்கி இரைந்ததே தவிர, பியூஸ் எரியவில்லை.

பழுது கண்டென்சரில்தான். போன மாதம் மயில்வாகனத்தின் கடையில் புதிதென்று வாங்கியது. அதைச் சுற்றி ஒட்டியிருந்த தாளின் ஓரத்தை மஸீனா நகத்தால் கிளப்பினாள். அடியில் அழுக்குப் படிந்த இன்னொரு தாள்! பழைய சாமானுக்குப் புதுச்சட்டை போட்டு விற்றிருக்கிறார்கள்.

அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு உடனே கடைக்கு நடந்தாள். ஜவாஹிர் பின்னால் ஓடினான்.

மயில்வாகனம் சிரித்தார். "பொம்பிளையளுக்கு உதுகளில என்ன தெரியும், தங்கச்சி?"

"தாளை உரிக்கத் தெரியும்" என்றவள், வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே மிச்சத்தையும் உரித்துக் காட்டினாள். சிரிப்பு நின்றது. மயில்வாகனம் வேறு கண்டென்சரை எடுத்து ஜவாஹிரின் கையில் வைத்து, "குறை நினையாதேயும், தம்பி" என்றார். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வழியில் ஜவாஹிர் குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னது பிழைதான், மஸீனா."

"பழியைப் பந்தலுக்கே கேக்கக் கத்தினீங்க. இதை மட்டும் ஏன் காதுக்குள்ள சொல்றீங்க?"

அவன் நேரே வீரகத்தி வீட்டுக்கே நடந்தான். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்க, பிழை தன்னுடையது என்று சொன்னான். வேலிக்கு வெளியே நின்ற மஸீனா முழுவதையும் கேட்டாள். ஆனாலும் அன்று முழுவதும் அவனோடு கதைக்கவில்லை.