எட்டு மணி நேரம் என்று யார் சொன்னது

எங்கள் அலுவலக விடுப்புப் படிவத்தில் ‘பயண நேரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெர்த் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் கன்டெய்னர் வரவைப் பதிவு செய்வது என் வேலை. ஐந்து நாள் விடுப்பு கேட்டிருந்தேன். மேலாளர் பிரெண்டா ஓர் இணையதளத்தைத் திறந்து காட்டினார். பெர்த்–சென்னை, ஆறாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எட்டு மணி நேரம். இந்தியப் பெருங்கடலின் மேல் வில்லாக ஒரு கோடு. மூன்று நாள் போதுமே என்றார். அந்தக் கோட்டில் விமானம் எதுவும் பறப்பதில்லை என்றேன். சிங்கப்பூரில் இறங்கி ஏழு மணி நேரம் காத்திருந்து வேறு விமானம் ஏற வேண்டும். வாசலிலிருந்து வாசல்வரை கணக்கிட்டுக் கட்டத்தில் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தேன். கணக்கைப் பிரித்துச் சொன்னேன். அதில் கடைசி அரை மணி எதற்கு என்று கேட்டார்.

“கேட் அடைத்திருப்பார்கள்.”

“கேட் அடைத்தால் விமானம் போய்விடுமே?”

“இல்லை. ரயில் போகும்.”

வட சென்னையில் எங்கள் கொருக்குப்பேட்டையில் தூரத்தை யாரும் மணிக்கணக்கில் சொல்வதில்லை. துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகும்போது ரயில்வே கேட்டின் இரண்டு பக்கமும் ஆட்டோ, மீன் வண்டி, பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாம் நிற்கும். “கேட்டு போட்டுட்டான் சார்” என்றால் தலைமையாசிரியர் மேலே எதுவும் கேட்க மாட்டார். அவரும் அதே கேட்டில்தான் நின்றுவிட்டு வந்திருப்பார்.

அந்த இணையதளத்தை என் அக்கா செல்வியும் பார்த்துவிட்டாள். அவள் மகளுக்கு மூன்று வயது. நான் பெர்த் வந்த பிறகு பிறந்தவள்; என்னைப் போன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறாள். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தக் கூடாது என்று இரண்டு முறை தேதியைத் தள்ளி வைத்திருந்தாள்.

“எட்டு மணி நேரம்னு போட்டுக்கீது. அப்போ இத்தினி வருசமா இன்னாடா பண்ணிகினு கீறே?” என்றாள் போனில். “இந்த வாட்டியும் வர்லன்னா அவங்க அப்பன் மடியில ஒக்கார வச்சி குத்திடுவேன். அப்புறம் மாமன்னு சொல்லிகினு வராதே.”

காரணத்தைக் கேட்ட பிரெண்டா உண்மையான அக்கறையோடு சொன்னார்: “காது குத்தவா? இங்கே மருந்துக் கடையிலேயே குத்துகிறார்களே.”

“குழந்தை யார் மடியில் உட்காரும்?”

“நாற்காலி இருக்கிறது.”

மூன்று நாள் என்று படிவத்தைத் திருத்திக் கொடுக்கச் சொன்னார். மறுத்தேன். “ஆறாம் நாள் காலை வேலைக்கு வருவேன். நடுவில் உள்ள நாட்களை விடுப்பு என்று எழுதுவதா, சொல்லாமல் போனான் என்று எழுதுவதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.” பிரெண்டா படிவத்தை வாங்கினார். இருபத்து மூன்றின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே கையெழுத்திட்டார்.

திருவொற்றியூரில் கோயில் மண்டபம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை என் மடியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாடி மொறைக்கிற? மாமாடி” என்றாள் அக்கா.

“பொய்யி. மாமா போன்ல கீறாரு.”

ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை என் சட்டைப் பையிலிருந்து போனைப் பிடுங்கி, அணைந்திருந்த திரையை முகத்துக்கு நேராகப் பிடித்து அழுதாள். “மாமா, குத்துறாங்க மாமா.”

“இங்கதான் கீறேன்” என்றேன் அவள் காதருகே. அவளைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தவில்லை. அவள் திரும்பவில்லை. கறுத்த கண்ணாடியில் அவள் முகமும், அதற்குப் பின்னால் என் முகமும் தெரிந்தன. அங்கேயே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.