உருகிய பை

அம்மா இறந்து மூன்று வாரம் ஆகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் மருத்துவமனையின் செல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தாள்.

எலும்புப் புற்றுநோய் அதிகம் பிடிப்பது வளரும் பிள்ளைகளை. அவர்களுடைய வெள்ளணுக்களை எடுத்து, கட்டியை அடையாளம் காணும்படி மாற்றி, பெருக்கி, பையில் உறையவைப்பார்கள். இன்னும் பரிசோதனையில் இருக்கும் சிகிச்சை. உரிய நாளில் பையை வெந்நீர்த் தொட்டியில் உருக்குவது அம்மாவின் வேலை. தொட்டி முப்பத்தேழு டிகிரியில் இருக்கும். உருகிய பை அரை மணிக்குள் உடலில் ஏற வேண்டும். மறுபடி உறையவைத்தால் செல்கள் செத்துவிடும்.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, ஓட்டக்காரி. நோய் தொடையில் தொடங்கி நுரையீரலில் நான்கு புள்ளிகளாகியிருந்தது. அவளுக்குத் தேறியது இரண்டே பைகள்.

முதல் பைக்கான நாளில், பெண் தயார் என்று வார்டிலிருந்து போன் வந்தது. படிவத்தில் உடல் வெப்பம் எழுதும் கட்டம் உண்டு. அந்த நேரத்து அளவைக் கேட்டு எழுத வேண்டும். அம்மா காலை அளவையே எழுதிவிட்டுப் பையை உருக்கினாள். மேலே கொண்டுபோனபோது பெண்ணுக்கு ஜுரம் முப்பத்தொன்பது டிகிரி. ஜுரத்தில் ஏற்றக்கூடாது. பை குப்பைக்குப் போனது.

வார்டு நர்ஸ் மேல் பழி போட்டிருக்கலாம். அம்மா தன் தவறு என்று டாக்டரிடம் சொன்னாள், பிறகு கட்டிலருகே போய்ச் சொன்னாள். பெண்ணின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்போ மீதி ஒண்ணுதானா?" என்றாள் பெண்.

"ஒண்ணுதான்மா."

"ஓட்டத்துல முன்னாடியே கிளம்பிட்டா எங்களை வெளிய அனுப்பிடுவாங்க, ஆன்ட்டி. உங்களுக்கு இன்னொரு சான்ஸ் இருக்கு. பாத்து உருக்குங்க."

இரண்டு வாரம் கழித்து அம்மா மூன்று மாடி ஏறிப்போய், தெர்மாமீட்டரைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கிவந்து உருக்கினாள். பிறகு எல்லோருக்கும் அப்படித்தான். முழங்கால் தேயத் தேய ஏறினாள். போன் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். "போன்ல ஜுரம் தெரியாதுடா" என்றாள்.

அடுத்த ஸ்கேனில் இரண்டு புள்ளிகள் சுருங்கியிருந்தன, இரண்டு அப்படியே. பெண் இன்னும் இரண்டரை வருடம் உயிரோடு இருந்தாள்.

முதல் பையும் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா ஒரே ஒருமுறை கேட்டாள். நான் என்ஜினீயர். அதைச் சொல்லத் தரவு இல்லை என்றேன்.

"ஒரு பை குறைஞ்சுது. அது தரவு இல்லையா?"